வெள்ளம்

மாத்தூர் தொட்டிப்பாலத்தில்
டிக்கெட் கொட்டகைக்கு நாலு எட்டு தள்ளி
என் அன்னாசி வண்டி.
துண்டு இருபது.
மிளகாய்ப்பொடி வேண்டாமென்றாலும் அதே இருபது.

பங்குனிக் கடைசி. மேலே தொட்டி காய்ந்து கிடந்தது,
சானலில் வெள்ளம் விட ஒன்றரை மாசம் இருக்கிறது.
கீழே பறளியாறு மட்டும்
பாறைக்குப் பாறை கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் வந்தாள் ஒடீல்.
பனையோலைத் தொப்பி, கழுத்தெல்லாம் வேர்க்குரு,
அறுபது தாண்டியிருக்கும்.
தூண்களை விரல் நீட்டி எண்ணினாள்,
பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தாள்,
சந்தைக் கூட்டத்தில் சொந்தக்காரியைக் கண்டதுபோல.

போனில் ஒரு படம்:
மஞ்சள் கல்லில் மூன்றடுக்கு வளைவு,
அடியில் பச்சையாக ஓர் ஆறு.
இதுவும் வெள்ளம் சுமந்த பாலம்தானாம்,
ரோமாக்காரர் கட்டியதாம்.
ஆற்றின் பேர் கார்தோன்.
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்,
மூன்றாம் தடவை வாய்க்குள் நின்றது.

அவள் பிரெஞ்சில் பேச,
செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் போன் தமிழில் சொன்னது:
மலையில் பிறக்கிறது, சுட்டுத் தின்னும் கொட்டை மரக் காட்டில்.
பிறகு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது.
கோடையில் கொஞ்ச தூரம் காணாமல் போகும்.
வெறும் வெள்ளைக் கூழாங்கல்.
ஆறு பாறைக்கடியில் நடந்து
கீழே எங்கோ ஊற்றாய் எழும்பும்.

"இங்க ஆறு ஒளியாது," என்றேன்,
"மணலுதான் ஒளியும், ராத்திரி லாரியில."
போன் என்ன சொன்னதோ,
அவள் லாரி எங்கே என்று திரும்பிப் பார்த்தாள்.

கரையில் மரத்தைக் கடித்துத் தள்ளும் பிராணி உண்டு என்றாள்.
நீர்நாய் என்றது போன்.
படத்தில் இருந்தது எலிப்பல்.

இருபத்தேழு வருஷம் அந்த ஆற்றில்
சின்னப் படகுகளை வாடகைக்கு விட்டவள்.
வெயில் காலமானால் குடும்பம் குடும்பமாய் வருவார்கள்,
துடுப்பைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இங்கே பாலத்தின் நடுவில் நின்று
கீழே பார்க்க மாட்டேனென்று அழுகிற ஆம்பிளைகளை
நானும் தினம் பார்க்கிறேன்.

பிறகு போன் சொன்னது:
"ஒரு செப்டம்பரில் எங்கள் ஊருக்கு வெள்ளம் வந்தது."

வெள்ளமென்றால் எங்களுக்குக் குடத்தில் இருப்பது.
சோறு வைக்க ஏற்றுவது.
நடு ராத்திரி பிள்ளை எழும்பிக் கேட்பது.
"நல்ல காரியம்," என்றேன்,
"வெள்ளம் வந்தா போதும்லா."

அன்னாசித் துண்டு பாதி வாயில் நிற்க
என்னையே பார்த்தாள்.

டிக்கெட் கிழிக்கிற அஜின்தான் கத்தினான்,
"யக்கா, குடிக்க வெள்ளம் இல்ல. ஆறு பெருகி வந்ததாக்கும்."

நாற்பது படகு.
ஒன்று மரக்கொம்பில், ஒன்று யார் வீட்டுக் கூரையிலோ,
மற்றது கடலுக்கு.
பாலத்துக்கு ஒன்றுமில்லையாம்.
அதை மட்டும் கொஞ்சம் கோபமாகச் சொன்னாள்.

நான் போனைக் கேட்கவில்லை.
கீழே பூங்கா ஓரத்தைக் காட்டினேன்,
முன்பு என் வண்டி நின்ற இடம்.
ஒரு ஐப்பசி. பதினேழு பழம், குடை, கல்லாப்பெட்டி.
தராசில் ஒரு தட்டு மட்டும்
மூவாற்றுமுகத்தில் கிடைத்தது.
கையை இடுப்பளவுக்கு உயர்த்தினேன், பிறகு கழுத்தளவுக்கு.
அவளும் உயர்த்தினாள்,
தலைக்கு மேலே, எட்டுகிற மட்டும்.

தொண்டையைத் தொட்டுக் காட்டி
"வெள்ளம்?" என்றாள், எங்கள் அர்த்தத்தில்.
பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.
மீதிச் சில்லறை வேண்டாமாம். நான் விடவில்லை.
இன்னொரு துண்டு வெட்டினேன்,
இந்தத் தடவை கேட்காமலே மிளகாய்ப்பொடி தூவி.

இருமிக்கொண்டே பாலத்தில் நடந்தாள்.
நடுவில் போய்க் குனிந்து
காய்ந்த தொட்டியின் சுவரில் காதை வைத்தாள்.
அங்கே சாயக்கூடாதென்று
அஜின் விசில் ஊதினான்.